உன் பேருக்கு எடுத்த வாக்குத்தத்தம்

பையைத் திறந்ததும் கிரீஸ் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, எனக்குப் பழக்கமில்லாத மண்ணுடையது. ஸ்பானரின் பல்லிடுக்கில் சிவப்பாக ஒட்டிக் காய்ந்திருக்கிறது. நம் கரிசலில் இந்த நிறம் கிடையாது. நகத்தால் சுரண்டினேன். கொஞ்சம் உதிர்ந்தது. மீதியைச் சுரண்ட மனம் வரவில்லை.

மலாவியிலிருந்து உன் பை வந்து சேர்ந்துவிட்டது. விடுமுறைக்கு வந்த மிஷனெரி ஒருவர் ஊரில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உன் அம்மா, எனக்குப் பெரிம்மா, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கோவில்பட்டியில் நான் குடியிருக்கும் மாடி அறைக்கே வந்துவிட்டார். தீப்பெட்டி ஆபீசிலிருந்து நேராக. விரல்களில் தீக்குச்சி மருந்தின் கறை.

"பம்பு மெக்கானிக் யாராவது இருந்தா குடுத்துருலே. வீட்ல வச்சா அதையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"நீ காலேஜ்ல பாடம் நடத்துத பிள்ளைதான? ஒண்ணு கேக்கேன். மழுப்பாம சொல்லு. நான் அந்தச் சீட்ட மாத்தாம இருந்தா பேத்தி பொழச்சிருப்பாளா? எம்பிள்ளையும் இருந்திருப்பானா?"

நான் பையை மூடினேன். மறுபடி திறந்தேன்.

அந்தப் புத்தாண்டுக் காலையில் அவர் பக்கத்தில் இருந்தவன் நான்தான். ஆராதனை முடிந்து உபதேசியார் வாக்குத்தத்தச் சீட்டுகள் நிறைந்த தட்டோடு வந்தார். வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் எடுப்பார்கள். உன் அம்மா கண்ணை மூடி, உன் பெயரைச் சொல்லி, ஒன்றை எடுத்தார். கண்ணீரோடு நடந்துபோகிறவர்களைப் பற்றிய வசனம். முகம் சுருங்கிவிட்டது.

"இது வேண்டாம்லே. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அத்தன தூரத்துல இருக்கான். அழுகை வசனமா அனுப்புவாவ?"

உபதேசியார் யாருக்கோ கைகொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா சீட்டைத் திருப்பிப் போட்டு, விரலால் தட்டைக் கிளறி, வேறொன்றை எடுத்தார். எந்தத் தீங்கும் உன் வீட்டை நெருங்காது என்கிற மாதிரி ஒன்று. "பாத்தியா!" என்றார், தானே எழுதி வாங்கியதுபோல. நான் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாய். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல்செய்தி: "அம்மாட்ட சொல்லு, இங்க வீட்டுக் கதவே சரியில்ல. தீங்கு வாரது கெடக்கட்டும், முதல்ல ஆடு வராம இருக்கணும்."

அதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

அங்கே மழை விடுவதற்குள் உன் மகள் போய்விட்டாள். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையை வெள்ளம் அறுத்திருந்தது. அங்கேயே அடக்கம் செய்தீர்கள். உன் அம்மா பேத்தியைத் திரையில் மட்டுமே பார்த்தவர்.

பிறகு நீயும் உன் மனைவியும் விடுமுறையில் வந்தீர்கள். சபை உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டது. அது எப்படி நடக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். முதலில் படங்கள். அப்புறம் பட்ட பாடு. அப்புறம் கர்த்தர் செய்த அற்புதம். கடைசியில் அல்லேலூயா. எல்லா மிஷனெரிகளும் இந்த வரிசையில்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நீயும் படம் காட்டினாய். சிவந்த புழுதிக்கு நடுவே ஓர் அடிபம்பு. "நம்ம ஊரு பம்பேதான். அதே கைப்பிடி, அதே செயின், அதே கிரீச்சு. புதூர்ல பஞ்சாயத்து பம்பு ரிப்பேர் பாத்தவன அங்க மிஷனெரின்னு கூப்பிடுதாவ" என்றாய். சபை சிரித்தது. உன் மனைவி குனிந்தே இருந்தாள்.

அப்புறம் சொன்னாய்.

"பிள்ளைய அடக்கம் பண்ணின பிறகு எனக்கு ஜெபம் வரல. வாயத் திறந்தா காத்துதான் வந்துச்சு. அந்த ஊர்ப் பொம்பளையெல்லாம் வந்து எங்க வீட்டுத் தரையில உக்காந்தாவ. ஒருத்தரும் ஆறுதல் வசனம் சொல்லல. அழாதேன்னும் சொல்லல. ராத்திரி அங்கனயே படுத்தாவ. காலைல பம்புல தண்ணி அடிச்சுக் கொண்டாந்து, மக்காச்சோளக் களி கிண்டி, இவள எழுப்பி உக்கார வச்சு ஊட்டுனாவ. நான் நற்செய்தி சொல்லப் போன ஆளு. அவியதான் எனக்குச் சொன்னாவ. பேசாமலே சொன்னாவ."

நிறுத்திவிட்டாய். எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.  முதல் வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார், "தம்பி, ஜெயமா முடிங்க."

"நான் இன்னும் நடுவுலதான் நிக்கேன் அண்ணாச்சி. முடிவு தெரிஞ்சா வந்து சொல்லுதேன்."

இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டாய். சபையின் பாதிரியாரான ஐயர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் அம்மா உன்னிடம் சீட்டு மாற்றியதைச் சொன்னார். சொல்லிவிட்டு உன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"ஏம்மா, அவரு என்ன லாட்டரிக் கடையா வச்சிருக்காரு? நீ சீட்ட மாத்துனா அவரு பிள்ளைய எடுத்துக்கிடுவாராக்கும்? அப்படியாப்பட்ட ஆளுக்கா நான் பம்பு அடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்? ரசம் ஊத்து."

அம்மா சிரித்தார். சிரித்தபடியே அழுதார். ரசம் ஊற்றினார். நீ உயிரோடு இருந்தவரை அந்தப் பதில் போதுமாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. நான் அப்போதே கோவிலுக்குப் போவதை விட்டிருந்தேன். வருவது உனக்காக, கிறிஸ்துமஸுக்காக. உன் சாட்சி எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே நீ திரும்பிப் போவது பிடிக்கவில்லை. ஜெபம் வராதவன் எதற்குப் போக வேண்டும்? கோவில்பட்டி ரயில் நிலையத்தில், பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, அதைக் கேட்டேவிட்டேன். உன் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

நீ தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாய்.

"பிள்ளை அங்கனதானலே கெடக்கா. கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிக்கும்போது அவளும் எந்திரிப்பா. சுத்தியும் பெரிய பெரிய ஆளா நிப்பாவ. அவ இப்பத்தான் நடக்கப் பழகுனா. பக்கத்துல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்து கையப் பிடிக்க வேண்டாமா?"

"நிசமாவே நம்புதியாலே?"

"சில நாள் நம்புதேன். மத்த நாள் பம்பு ரிப்பேர் பாக்கேன்."

ரயில் வந்துவிட்டது. பெட்டி ஏற்றும் அவசரத்தில் நாம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

நீ குழாய் ஏற்றிப் போன வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது என்று உன் மனைவி போனில் சொன்னாள். உன்னை மகளுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னதும் அவள்தான். அவள் திரும்பி வரவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள். ஏன் வரவில்லை என்று ஊரே கேட்கிறது. நான் கேட்கவில்லை.

உன் அம்மா அன்றிலிருந்து நற்கருணை எடுக்காமல் இருந்தார். அதைப் பையோடு வந்த அன்று, இந்த மாடி அறையில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"எந்தக் கையால வாங்க? அவனுக்கு வந்த சீட்ட நான் தள்ளிவிட்டேன். நல்ல வசனம் வேற யாருக்கோ உள்ளது. அத எடுத்து இவனுக்கு அனுப்புனேன். எப்படி நிக்கும்? அவன் கேலி பண்ணி என்னையத் தேத்துனான். இப்பத் தேத்த அவனும் இல்ல."

நான் பேசினேன். கொசுவைச் சொன்னேன். அறுந்த பாதையைச் சொன்னேன். வண்டியின் பிரேக்கைச் சொன்னேன். ஒரு சீட்டுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்பதை நிதானமாக, வரிசையாக விளக்கினேன். பேங்கில் வட்டிக் கணக்குச் சொல்பவரைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது சரி" என்றார்.

எழுந்துகொள்ளப் போனார். அப்படியே போய்விடுவார் என்று தெரிந்தது. இனி கேட்கவும் மாட்டார்.  உன் லாட்டரிக் கடையை நான் சொன்னால் அது வெறும் நக்கலாக இருக்கும். எனவே ரயில் நிலையத்தில் நீ சொன்னதைச் சொன்னேன். நீ பேசியபடியே சொன்னேன். அவருக்கு அது தெரியாது. நீ சொல்லாமலே போயிருக்கிறாய்.

மறுபடி உட்கார்ந்தார்.  கீழே பஸ்கள் திரும்பும் சத்தம்.

"பக்கத்துலதான் வச்சிருக்காவளா?"

"ஆமா பெரிம்மா. மதினி போட்டோ அனுப்பியிருந்தாங்க."

"ஒட்டியா?"

"ஒட்டித்தான்."

"அப்ப கைய நீட்டுனா எட்டும்."

"எட்டும்."

தம்ளரை இப்போதுதான் வாய்க்குக் கொண்டுபோனார். குடித்துவிட்டு, "அங்க எப்பலே விடியும்?" என்றார்.

"நமக்குப் பிறகுதான். இங்க ஒன்பது மணி ஆயிரும், நீங்க ஆபீஸ்ல கொஞ்சம் வேலை முடிச்சிருப்பீங்க. அப்பத்தான் அங்க வெளிச்சம் வரும்."

தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, அந்தக் குரல்செய்தியைக் கேட்ட நாளுக்குப் பின் நான் பார்த்திராத ஒரு சிரிப்பு.

"அப்ப அந்தக் கடைசி நாள்ல நான்தான் முந்தி எந்திரிப்பேன். அதுவும் நல்லதுதான். அவன நான் எழுப்பாம என்னைக்கு எந்திரிச்சான்?"

அடுத்த ஞாயிறு தன்னோடு கோவிலுக்கு வரச் சொன்னார். போனேன். நற்கருணை நேரத்தில் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பீடத்துக்குப் போய் முழங்காலிட்டார். கறை படிந்த இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டினார். ஐயர் ஒரு கணம் தயங்கினார், பிறகு கொடுத்தார். நான் பெஞ்சிலேயே இருந்தேன். எழுந்திருக்கவில்லை. நிம்மதியாக உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. நான் நம்பாத ஒன்றை உன் அம்மாவிடம் சொன்னேனா? சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. பொய் என்றால் தடுமாறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அதிலும் உறுதியில்லை. நீ சில நாட்கள் நம்பினாய். நான் ஒரு மாலை, சுமார் அரைமணி நேரம் நம்பியிருக்கலாம். அது முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை. உன்னிடம் கேட்டால் என்னைப் பம்பு ரிப்பேருக்குப் போகச் சொல்வாய்.

கல்லூரியில் எனக்கு முதல் மணி வகுப்பு. வருகைப்பதிவு முடிந்து, புத்தகத்தைப் பிரித்து, இரண்டு பத்தி தாண்டியிருப்பேன். இப்போது அங்கே உங்கள் இருவருக்கும் விடிகிறது என்று தோன்றும். பேச்சு நின்றுவிடும். மாணவர்கள் ஒவ்வொருவராகத் தலை நிமிர்த்துகிறார்கள். நான் எதையோ காதுகொடுத்துக் கேட்பதாக நினைத்து, அவர்களும் அசையாமல் கேட்கிறார்கள்.