டயர் முதலை

வெறும் அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

குளத்தில் குப்பை கொட்டுகிறவர்களை விரட்ட, டயரை வெட்டித் தெர்மாகோலில் கட்டி முதலையாக மிதக்கவிட்டோமே, ஊரே நம்பியது. நேற்று அது டயர்தான் என்று, மண் கொட்ட வந்த லாரிக்காரரிடம் போட்டுக்கொடுத்தாய். குளத்தை மூடினால் உன் கூட்டத்துக்குப் பந்தாட இடம் கிடைக்குமாம். முதலில் பந்தாடியது என்னைத்தான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் லாரியை மறித்துக் கத்தியபோது நீ சொன்னாயே:

"விடுங்கண்ணே, கொஞ்ச நேரம் கத்துவா, அப்புறம் அடங்கிடுவா."

"குளமும் அப்படித்தான் தம்பி. நாலு லோடு மண்ணு போட்டா அடங்கிடும்," என்றார் அவர். இருவரும் சேர்ந்து சிரித்தீர்கள். பேச்சுப் போட்டியில் இதே குளத்தைத் 'தாய்மடி' என்று சொல்லிக் கோப்பை வாங்கியவன் நீ. ராத்திரி அம்மாவிடம் "பாவம்மா குளம்" என்று நீ வடித்த கண்ணீர்தான் அசல் முதலையுடையது.

இன்று தவளைகள் கத்தவில்லை. நானும்தான்.

'முதலை இருக்கிறது, ஜாக்கிரதை' என்று நீ எழுதிய பலகையைக் கரையிலிருந்து பிடுங்கி வந்து உன் அறைக் கதவில் அடித்திருக்கிறேன். இந்தத் தடவை அதில் பொய் இல்லை.

இப்படிக்கு,
இன்னும் அடங்காத
உன் முன்னாள் கூட்டாளி