டீக்கடை ஆணியில் உன் சாவி

சாலையை அகலப்படுத்துவதற்காக ஸ்ரீவைகுண்டம் பஸ் நிலையத்து டீக்கடையைப் போன வாரம் காலி செய்தார்கள். கடைக்கார அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, துருப்பிடித்த கார் சாவி ஒன்றைக் கொடுத்தார். "ஒங்க கூட்டாளியோடது. ஆணியிலயே கெடந்துச்சு." உன் வீட்டில் மாற்றுச் சாவியோடு காரை எப்போதோ விற்றுவிட்டார்கள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் நமக்கு ஒரே அலுவலகம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாலு பேர், நாலு காரில் போய்க்கொண்டிருந்தோம். "நாலு காரு, ஒரே வாசலு. கூத்தால்லா இருக்கு!" என்று நீதான் ஆரம்பித்தாய். லாரிகள் விடும் புகைக்கு முன்னால் நம் புகை எந்த மூலைக்கு என்று நான் கேட்டேன். "லாரிய நிறுத்த நம்மால ஆகாது. நம்ம காரை நிறுத்தலாம்லா?"

வாரம் ஒருவர் காரில் நாலு பேரும் போவது என்று முடிவானது. மற்ற மூவரும் திங்கள் காலையில் சாவியை டீக்கடை ஆணியில் மாட்டிவிட வேண்டும். சனி மாலையில்தான் எடுக்கலாம். "சாவி கையில இருந்தா புத்தி கேக்காதுலே" என்பது உன் சட்டம்.

எனக்குக் காத்திருப்பது ஆகாது. நம் நால்வரில் கணக்குப் பிரிவு நண்பர் தினமும் பிந்தி வருவார். நீயோ அவருக்காக வண்டியை நிறுத்தி வைப்பாய். ஒரு மழை நாளில் பொறுமை போய், வீட்டிலிருந்த மாற்றுச் சாவியால் என் காரை எடுத்துக்கொண்டு தனியே போய்விட்டேன். மறுவாரம் அவரும் அதையே செய்தார். ஒரே மாதத்தில் எல்லாம் கலைந்தது. உன் சாவி மட்டும் ஆணியில் தொங்கியது. நீ பஸ்ஸுக்கு மாறிவிட்டாய்.

ஒரு காலை, உப்பளத்துப் பக்கம் உன் பஸ்ஸை முந்தினேன். ஜன்னலிலிருந்து கையைத் தூக்கினாய். நான் பார்க்காதது போல ஓட்டினேன். அன்று அலுவலகத்தில் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. அப்புறமும் பேசவில்லை. உனக்கு என் மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது நான் பஸ்ஸில்தான் போகிறேன் என்று சொன்னால் பாதிப் பொய். வாரத்தில் மூன்று நாள் போகிறேன். நேற்று அதே உப்பளத்துப் பக்கம் கணக்குப் பிரிவு நண்பரின் கார் பஸ்ஸை ஒட்டி வந்தது. கையைத் தூக்கினேன். பார்த்தார்; பார்க்காதது போல முந்திப் போனார்.

சட்டைப்பையில் உன் சாவி இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறதே என்றுதான் தோன்றியது.