தையல் மெஷினை அனுப்பி வைக்கவும்

ஜூன் 4

பெரியவனின் அப்பாவுக்கு,

தங்கை வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய சாமான் வாங்குகிறவரை வாசல்வரை கூட்டிவந்து காட்டினீர்களே, என் தையல் மெஷின், அதை உடனே லாரியில் அனுப்பி வைக்கவும். இனி இங்கேயே தைத்துப் பிழைத்துக்கொள்கிறேன்.

மெஷினுக்குச் சொந்தக்காரி

ஜூன் 9

கோபக்காரிக்கு,

அனுப்பத்தான் போனேன். ரெண்டு வருஷம் சும்மா கிடந்ததில் சக்கரம் அசையவே இல்லை. ஓடாத மெஷினை அனுப்பினால் அதற்கும் என்னைத்தான் திட்டுவாய். நானே சரிசெய்ய உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதே. கூடம் முழுக்கத் திருகாணி. சமையல் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம்.

கையெல்லாம் கறையோடு,
நான்

ஜூன் 13

என்னங்க,

சமையல் எண்ணெயா! அடக் கடவுளே, அது பிசினாக இறுகிவிடுமே. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடையுங்கள். அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பிறகு மெஷின் எண்ணெய், ஓட்டைக்கு ஒரு சொட்டு. குடத்தைக் கவிழ்க்காதீர்கள்.

"மாமா கடுதாசிக்கு வாசலையே பாத்துட்டு நிக்கிறியேக்கா"ன்னு தங்கை கிண்டல் பண்ணுகிறாள். நான் ஒன்றும் நிற்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நான்தான்

ஜூன் 20

அன்புள்ளவளே,

சக்கரம் சுற்றுகிறது! ஒரு திருகாணிகூட மிச்சமில்லை, சத்தியம். துணியைத் தள்ளும் பல்லுக்கு அடியில் ஒரு கைப்பிடி நூல்தூசி. பையன்கள் படித்த காலத்துச் சீருடை நீலம், ஜன்னல் திரை மஞ்சள், என் சட்டை வெள்ளை. இதைப் போய் விற்கப் பார்த்தேனே என்று வெட்கமாக இருக்கிறது.

ஆனால் பாபின் கேஸைக் காணோம். அடிநூலைப் போடும் அந்தச் சின்னக் கிண்ணம் இல்லாமல் ஒரு தையல் விழாதாம். கடைக்காரர், "புதுசு இருக்கு சார், மாட்டினா ஓடிரும்" என்று எடுத்து நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன். ஓடினால் அனுப்ப வேண்டுமே. எனக்கு மனசு வரவில்லை. நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

உன் மெக்கானிக்

ஜூன் 24

என்னங்க,

தேடாதீர்கள். பாபின் கேஸ் என் கைப்பையில்தான் இருக்கிறது. நான் இல்லாத நேரம் பார்த்து விற்றுவிட்டால் என்ன செய்வது என்று, கிளம்பிய அன்றே கழற்றிக்கொண்டேன். லாரி வந்திருந்தால் இங்கேயே மாட்டியிருப்பேன். நல்லவேளை.

மெஷினை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு வந்து நில்லுங்கள். என் துணிப்பெட்டி ரொம்பக் கனம், அதை நீங்கள் தூக்குங்கள். பாபின் கேஸை நான் தூக்கி வருகிறேன்.

மெஷினுக்கும் உங்களுக்கும் சொந்தக்காரி