திருத்தச் சொல்லி யார் கேட்டது?

அதிமேதாவி அண்ணனுக்கு,

வேலைக்கு ஊர் மாறிப்போகிற அவசரத்திலும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் ப்ரோகிராமைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறாய். உன்னை யார் கேட்டது?

பெயரைக் கேட்டுவிட்டுத் திட்டுகிற அந்த விளையாட்டை நான் தத்தித் தத்தி நாற்பது வரியில் எழுதியிருந்தேன். நீ ஆறே வரியில் அடக்கிவிட்டாய். தெரியாமல் அதை வகுப்பில் ஓட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் மட்டும் ஒரு வரியைக் காட்டி, "இது என்ன செய்யுதும்மா?" என்றார். திருதிருவென்று முழித்தேன். "காப்பிடா டேய்!" என்றது கடைசி பெஞ்ச். பள்ளியின் ப்ரோகிராமிங் போட்டிக் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

சைக்கிள் கற்றுத் தருகிறேன் என்று நீயே ஏறி ஓட்டிக்கொண்டு போனால் எனக்கு எப்படி வரும்? என் தப்பில் நான்தான் முட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மண்டையில் ஏறும்.

கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமைவரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். டீச்சர் முன்னால் எழுதிக் காட்ட வேண்டும். உன் ஆறு வரியையும் அழித்துவிட்டேன். இன்று முதல் வரியே மக்கர் பண்ணியது. மல்லுக்கட்டி, பிழையை நானே பிடித்துவிட்டேன்!

காட்டலாமென்று உன் அறைக்கு ஓடினேன். கட்டில் காலியாக இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

இப்படிக்கு,
உன்னால் திருத்தவே முடியாத தங்கை