வேலமர வரப்பில் நிற்கும் அக்காவுக்கு

என்னை வளர்த்து, ஊரார் சிரித்தபோதும் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி எழுத வைத்த என் ராசம்மா அக்காவுக்கு,

உன்னைப் புதைத்த மண் இன்னும் இறுகவில்லை. அதற்குள் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. வேறு யாரிடம் சொல்வேன்?

நம் கொல்லைக்கும் பக்கத்துக் கோவிந்தண்ணன் கொல்லைக்கும் நடுவே வரப்பில் நிற்கும் வேலமரங்களைப் பற்றித்தான். தோல் பதனிட வேலம்பட்டை வேண்டுமென்று ஆம்பூர் தோல் ஷாப்காரர்கள் வரத் தொடங்கியதிலிருந்து, மரம் யாருடையது என்று எத்தனை சண்டை! கோவிந்தண்ணன் பட்டை உரிக்கக் கத்தியோடு வந்த அன்று நீ மரத்தைக் கட்டிக்கொண்டு, "மொதல்ல என்னை உரி, அப்புறம் இத உரி" என்று நின்றாய். அவர் தலைகுனிந்து போய்விட்டார்.

உன் காரியம் முடிந்ததும் மறுபடி வந்தார். நல்ல உச்சிவெயில். நான் கேழ்வரகில் களையெடுத்துக்கொண்டிருந்தேன். கத்தி ஒரு தரம் விழுந்த சத்தம் கேட்டது. அதோடு சரி. கொஞ்ச நேரத்தில் அவர் வெறுங்கையோடு என் எதிரே வந்து நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"இன்னாண்ணே?"

"மரத்துக்கு அந்தாண்ட யாரும்மா இருமறது?"

"யாரும் இல்லியே."

"உங்கக்கா இருமறாப்பல இருக்குது. நான் அந்தாண்ட போனா, அது இந்தாண்ட வந்துடுது."

நம்பாமல்தான் கூடப் போனேன். காற்றே இல்லை. கத்தி மரத்தில் குத்தியபடி நின்றது, வெட்டில் செம்பிசின் கசிந்துகொண்டிருந்தது. அப்போது நீ இருமினாய் அக்கா. கடைசி மாதங்களில் நடுவில் மூச்சுப் பிடித்துக்கொள்ளுமே, அதே இருமல். என் தோளுக்குப் பின்னால். அது நீதானே?

அதன் பிறகு ஆடுகள்கூட அந்த நிழலில் ஒதுங்கவில்லை. "அளந்துடலாம்மா. உங்களுதுன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றார் கோவிந்தண்ணன். ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் நிலமளக்கும் சங்கிலியோடு வந்தார். அளக்க அளக்க வரப்பை விட்டு விலகி, நம் கேழ்வரகுக்குள்ளேயே போனார். தோண்டினால், அங்கே கிடக்கிறது எல்லைக்கல்.

மரங்கள் அவருடையவை அக்கா. மரங்களுக்கு இந்தப் பக்கம் நாம் உழுத நிலத்தில் ஒரு துண்டும் அவருடையது. நம் அப்பா காலத்திலேயே வரப்பு நகர்ந்திருக்கிறது. உனக்கு இது தெரியுமா? தெரிந்துதான் அப்படிக் கட்டிப் பிடித்தாயா?

கல்லை வெளியே எடுத்தபோது இருமல் பக்கத்தில் கேட்டது. கர்ணமே சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார்.

இனி அவர் பட்டையை உரித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மரத்தைத் தொடவே இல்லை. நேற்று நம் வாசலுக்கு வந்தார்.

"மரம் என்னுதுதாம்மா. ஆனா கை வரல. அது நிக்கட்டும். நீ உங்கக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லு."

"நான் சொன்னா கேக்குமாண்ணே?"

"உன் பேச்சதான் கேக்கும். இப்ப எங்க வூட்டு வாசல் வரைக்கும் வந்து இருமுது. மருமவ வாயும் வயிறுமா இருக்கறா. பயந்துட்டு சோறே துண்றதில்ல."

அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உன்னை அவளுக்குத் தெரியாது அக்கா. நீ படுக்கையில் விழுந்த பிறகு கல்யாணமாகி வந்த பெண். அவள் உனக்கு என்ன செய்தாள்?

சண்டை தீர்ந்துவிட்டது. நாளைக்கு நானும் கோவிந்தண்ணனும் கல் இருந்த இடத்தில் புது வரப்புப் போடப்போகிறோம். அவர் வாசலை விட்டு வந்துவிடு. மரத்தடியிலும் நிற்காதே. நம் வீட்டுக்கே வா. உன் பாயை விரித்து வைக்கிறேன், நான் இருக்கிறவரை கதவைத் தாழிட மாட்டேன். இது சத்தியம்.

நீ வந்தால் பயப்படாத,
உன் தங்கச்சி முனியம்மா