தம்பியின் வரி

மாரெக்,

போலிஷ் நாடகங்களைத் தமிழாக்குவதற்கு என்னிடம்தான் தமிழ் படித்தீர்கள். நேற்று மல்கிரேவ் அரங்கில் நீங்கள் மொழிபெயர்த்து இயக்கிய நாடகத்தை அம்மாவோடு இருந்து பார்த்தேன். போருக்குப் போகும் மகன் வாசலில் திரும்பி, "கதவைப் பூட்டாதேங்கோ அம்மா, வந்திடுவன்" என்றான். போலிஷ் மூலத்தில் அந்த வரி இல்லை. காணாமல்போன என் தம்பி கடைசியாகச் சொன்னது அது. என் கணவரான உங்களைத் தவிர வேறெவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

சபை எழுந்து கைதட்டியது. அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

நான் மேடைக்குப் பின்னால் வந்து ஏன் என்று கேட்டபோது, "நல்ல வரி, வீணாகலாமா?" என்றீர்கள்.

காரில் அம்மா கேட்டார்: "பிள்ளை, உது அவன் சொன்னதெல்லோ. மருமோன் அவனை எங்கயும் கண்டவரோ?"

நீங்கள் அவனைக் கண்டிருப்பீர்கள் என்றே அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். அடுத்து லிட்கமில் நடக்கும் மேடையேற்றம் முடிந்ததும் வந்து, அவனைக் கண்டதேயில்லை என்று நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் வீட்டை விட்டுப் போய்விடலாம்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா