வக்கீலின் அக்காவுக்குச் சுகப்பிரசவம்

புக்கிட் ரோத்தான்,
12.5.1986

அன்பு மகன் சேதுவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை கங்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் வாய் உட்பட. லண்டன் குளிரில் நீயும் நலமாயிருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறோம். முதலில் நல்ல செய்தி, உன் அக்கா லீலாவதிக்கு வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. ஆனால் உன்னால் அவள் கத்தி வரைக்கும் போய்த் திரும்பினாள், அதைக் கேள். காலையில் டவுன் கிளினிக்கில் டாக்டர் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் தானே பிறந்துவிடும் என்றார். அப்பாவால் சும்மா இருக்க முடியுமா? என் மகன் லண்டனில் வக்கீலுக்குப் படிக்கிறான் என்று மார்தட்டினார். டாக்டர் முகம் வெளுத்துப்போய், எதற்கு வம்பு, அறுத்தே எடுத்துவிடலாம் என்றார். கங்கா இதை அறுவைச் சிகிச்சை என்று எழுதப் பார்க்கிறாள், நான் சொன்னது அறுப்புதான். வயிற்றில் தையலோடு மூத்தவனை எப்படித் தூக்குவேன், தொழிற்சாலையில் எப்படி நிற்பேன் என்று லீலா ஒரே அழுகை. அங்கே நர்ஸாக இருக்கும் மாடில்டா, நம் பழைய தோட்டத்து லயத்துப் பெண், அப்பாவை ஓரமாக இழுத்து, "ஏண்ணே வக்கீல்னு வாயத் தொறந்தீங்க? இவரோட கூட்டாளி டாக்டர் மேல யாரோ கேஸ் போட்டதுலேருந்து இவருக்குப் பயம்லா. வார்டுல பாருங்க, முக்காவாசி தையல்தான்" என்றாள். அறுக்காமல் விட்டு ஏதாவது ஆனால் கோர்ட்டு, அறுத்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்களாம். பயம் அவருக்கு, தையல் நம் பிள்ளைக்கு.

அப்பா நேரே போய், "அவன் எங்க படிக்கிறான், டாக்டர்? மூணு தடவ பெயிலு. இப்ப சாப்பாட்டுக் கடையில தட்டு மங்கு கழுவுறான்" என்றாரே பார்க்கலாம்! டாக்டருக்குப் போன உயிர் வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார். தேத்தண்ணி நேரத்துக்கு முன்பே உன் மருமகள் கத்திக்கொண்டு வந்துவிட்டாள். சுகப்பிரசவம்தான் என்று நான் அப்போதே சொன்னேனே என்று டாக்டர் அப்பாவின் கையைக் குலுக்கினார். இப்போது என் கவலையெல்லாம் அப்பாவின் வாய் முகூர்த்தம் பலித்துவிடக் கூடாதே என்பதுதான். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டேன், மீதி உன் கையில், விழுந்து விழுந்து படி. நீ பெயிலான செய்தி அதற்குள் பரவி, பாவம் சேது, அங்கே சாப்பிடுகிறானா என்று செல்லன் மாமா கண்கலங்கிக் கேட்டுவிட்டுப் போனார்.

நோய்நொடி இல்லாமல் நீடூழி இரு. கம்பளிச் சட்டையைப் போடு. பரீட்சையில் தேறியதும் தந்தி அடி, ஊருக்கெல்லாம் சொல்வோம். லீலா அடுத்ததையும் பெற்று முடிக்கும் வரை அந்த டாக்டருக்கு மட்டும் நீ மங்குதான் கழுவிக்கொண்டிருப்பாய்.

உன்னை நினைத்தபடி,
அம்மா தாயம்மா